இறைத்த வெப்பம் எங்கே போகிறது?

தமிழில் ஒரு சொல் நம்மை நெடுநாளாக ஏமாற்றி வருகிறது. 'குளிரூட்டி' என்பதே அச்சொல். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல, அறைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ எவரோ குளிரை எடுத்து ஊட்டுகிறார் என்னும் எண்ணத்தை அது தருகிறது. ஊட்டுவதற்குக் குளிர் என்று தனிப்பொருள் ஏதும் உலகில் இல்லை. உள்ளது வெப்பம் ஒன்றே. அது மிகுந்தால் சூடு என்கிறோம். குறைந்தால் குளிர் என்கிறோம். ஆகவே குளிரூட்டி செய்யும் வேலை ஊட்டும் வேலை அன்று. கிணற்றில் நீர் இறைப்பவன் செய்யும் வேலை. உள்ளே இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவே.

இறைப்பதில் பாதி வேலைதான் கிணற்றுக்குள் இருக்கிறது. மறுபாதி, இறைத்த நீர் ஓடிப் போக வாய்க்கால் வெட்டுவதில் இருக்கிறது. நீரைக் கிணற்றடியிலேயே கொட்டினால் அது ஊறி மீண்டும் உள்ளே இறங்கும். இறைப்பவன் கை ஓய்ந்து போகும், கிணறு வற்றாது.

இந்த எளிய உண்மையை மறந்ததால் நம் ஆய்வுக்கூடங்களில் எவ்வளவு பொருளும் காலமும், அவற்றினும் அரிய அளவீடுகளும் வீணாகின்றன என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

தலைநகரில் பயிலும் நாம் அனைவரும் நம் கட்டடங்களின் மொட்டை மாடிகளைப் பார்த்திருக்கிறோம். ஆங்காங்கே கம்பத்தில் கட்டிய சிறு பெட்டிகள் நிற்கும். காற்றில் உள்ள நுண்தூசியை அளக்கும் கருவி ஒன்றில். வானத்தைப் படம் எடுக்கும் ஒளிப்படக் கருவி மற்றொன்றில். மழை, புழுதி, குரங்கு ஆகிய மூன்றும் உட்புகாதபடி அவற்றை இறுக மூடியிருப்பார்கள். ஆனால் புழுதியை வெளியே நிறுத்தும் அதே மூடிதான் வெப்பத்தை உள்ளே நிறுத்துகிறது. தில்லியின் மே மாதப் பிற்பகலில் வெளிக்காற்றே 45 பாகை. வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் அப்பெட்டிகளின் பக்கவாட்டில் பெல்டியர் தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறு சதுரம். நான்கு சென்டிமீட்டர் நீளம், நான்கு சென்டிமீட்டர் அகலம். மின்னோட்டம் செலுத்தினால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும்.

பெட்டி குளிரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? தகட்டை மாற்றுகிறோம். அதுவும் குளிரவில்லை என்றால்? மின்னோட்டத்தைக் கூட்டுகிறோம். பிறகும் குளிரவில்லை என்றால்? கடைக்காரனைத் திட்டுகிறோம். என் கருத்து இது: குற்றம் பெரும்பாலும் தகட்டில் இல்லை, தகட்டின் முதுகுப்புறத்தில் இருக்கிறது. அதைக் காண நமக்கு எவரும் கற்றுத் தரவில்லை.

கதை பழையது

பெல்டியர் ஒரு பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழிலில் இருந்து அறிவியலுக்கு வந்தவர். இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்னோட்டம் பாய்ந்தால் வெப்பம் அங்கே உறிஞ்சப்படுவதையோ வெளிப்படுவதையோ அவர் 1834-இல் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1838-இல், லென்சு என்பவர் பிசுமத்தும் ஆண்டிமனியும் சேரும் இடத்தில் ஒரு துளி நீரை வைத்தார். மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தபோது நீர் உறைந்தது. திசையை மாற்றியபோது உருகியது. எத்துணை அழகான சோதனை! ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு மேல் அது காட்சிப் பொருளாகவே கிடந்தது. 1950-களில் குறைகடத்திகள் வந்த பின்னரே பயன் பிறந்தது. 1954-இல் கோல்டுசுமிட் என்பவர் பிசுமத் டெல்லுரைடு என்னும் பொருளைக் கொண்டு நல்ல குளிர்ப்பைப் பெறலாம் என்று காட்டினார். இன்று சந்தையில் விற்கும் தகடுகள் அப்பொருளின் வழிவந்தவையே.

இத்தகட்டுக்குள் மூன்று நிகழ்ச்சிகள் ஒரே வேளையில் நடக்கின்றன. முதலாவது, மின்னோட்டம் வெப்பத்தைக் குளிர்முகத்திலிருந்து சூட்டுமுகத்திற்கு இறைக்கிறது. இது நமக்கு வேண்டியது. இரண்டாவது, அதே மின்னோட்டம் தகட்டையே சூடாக்குகிறது. அச்சூட்டில் பாதி குளிர்முகத்திற்கே வந்து சேர்கிறது. மூன்றாவது, சூட்டுமுகத்திலிருந்து வெப்பம் தகட்டின் ஊடே பின்னோக்கிக் கசிகிறது. பின்னிரண்டும் நமக்கு எதிரிகள். இறைப்பு மின்னோட்டத்தின் அளவில் ஏறுகிறது. தகட்டின் சொந்தச் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே ஓர் எல்லைக்குப் பிறகு மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டக் குளிர்ச்சி குறையும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். மாடிக்குப் போனதும் மறந்துவிடுகிறோம்!

ஒரு சிறு கணக்கு

வெறும் பேச்சு எதற்கு? கணக்குப் போட்டே பார்க்கலாம். பெட்டியின் அளவு 40, 30, 20 சென்டிமீட்டர். வெளியே 45 பாகை. உள்ளே 35 பாகை வேண்டும். உள்ளிருக்கும் கருவி 12 வாட்டு சூட்டை வெளியிடுகிறது. சுவரில் 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் ஒட்டியிருந்தால் வெளியிலிருந்து கசிந்து வருவது ஏறத்தாழ 6 வாட்டு. ஆக, தகடு இறைக்க வேண்டியது 18 வாட்டு.

உள்ளே 35 பாகை வேண்டும் என்றால் தகட்டின் குளிர்முகம் 25 பாகையாவது இருக்க வேண்டும். இல்லையேல் காற்றிலிருந்து வெப்பம் அதற்குள் வராது. 127 இணைகள் கொண்ட பொதுவான தகடு ஒன்றில் 4 ஆம்பியர் செலுத்துகிறோம் என்று கொள்வோம். அது ஏறத்தாழ 40 வாட்டு மின்திறனை உண்டு 21 வாட்டு வெப்பத்தை இறைக்கும். நமக்கு வேண்டியது 18, கிடைப்பது 21, போதும். ஆனால் முதுகுப்புறத்தில் வந்து சேர்வது 21 அன்று. இறைத்ததும் உண்டதும் சேர்ந்து 61 வாட்டு! அதை வெளிக்காற்றில் விடுவதற்கே அலுமினியச் சிறகுத் தட்டும் மின்விசிறியும். கடையில் 'ஹீட் சிங்க்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் சிறகுத் தட்டு. நல்ல தட்டு ஒவ்வொரு 3 வாட்டுக்கும் ஒரு பாகை ஏறும். அப்படியானால் சூட்டுமுகம் 65 பாகை. பெட்டிக்கு உள்ளும் புறமும் நமக்குத் தெரியும் வேறுபாடு 10 பாகைதான். தகடு தாங்குவதோ 40 பாகை.

இப்போது சிறகுகளுக்கிடையே தூசி அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். தட்டின் திறன் பாதியாகிறது. சூட்டுமுகம் 80 பாகையைத் தாண்டுகிறது. அதே 4 ஆம்பியரில் இறைப்பு 21-லிருந்து 12 வாட்டாக விழுகிறது. பெட்டி சூடேறுகிறது. 'தகடு கெட்டுவிட்டது' என்கிறோம். தகடோ நலமாக இருக்கிறது. அதன் மூச்சை அல்லவா நாம் அடைத்துவிட்டோம்!

'மின்னோட்டத்தைக் கூட்டு' என்கிறார் ஒருவர். 6 ஆம்பியர் செலுத்துகிறோம். தூசி அடைத்த அந்நிலையில் சூட்டுமுகம் 110 பாகையைக் கடக்கிறது. இறைப்பு 5 வாட்டாகச் சுருங்குகிறது. தூசியே இல்லாத நல்ல தட்டிலும் 4 ஆம்பியருக்கு 21 வாட்டு, 6 ஆம்பியருக்கு 22 வாட்டு. ஒரு வாட்டு கூடுதலுக்காக மின்செலவு 40-லிருந்து 90 வாட்டுக்குப் போகிறது. இதைவிடப் பெரிய ஊதாரித்தனம் வேறு உண்டோ? மேலும், பல மலிவுத் தகடுகளில் இணைப்புகளைப் பற்றவைத்திருக்கும் பிசுமத்து - வெள்ளீயக் கலவை 138 பாகையில் உருகும். நாம் அந்த விளிம்பை நோக்கி அதை ஓட்டுகிறோம். பிறகு தகடு உண்மையாகவே கெடுகிறது. 'நான் அப்போதே சொன்னேனே' என்கிறோம்.

மாடியில் கண்டது

கடந்த கோடையில் மாடிப் பெட்டி ஒன்றை நான் பார்க்க நேர்ந்தது. எந்தத் துறையினது என்பது இங்கே வேண்டாம். பகல் ஒரு மணிக்கு மேல் அதன் கருவி தானே அணைந்து, மாலை ஆறு மணிக்குமேல் விழித்துக்கொள்ளும். இரண்டு முறை தகட்டை மாற்றியிருந்தார்கள். ஆய்வுக்கூட உதவியாளரான முதியவர் ஒருவர் என்னோடு ஏணியில் ஏறினார். வெப்பமானியைச் சிறகுத் தட்டில் வைத்தோம், 83 பாகை. பின்புற மின்விசிறியைக் கழற்றினோம். சிறகுகள் தெரியவில்லை, பஞ்சு தெரிந்தது. தில்லியில் சித்திரை பிறந்தால் இலவமரங்கள் காய் வெடித்துப் பஞ்சைப் பறக்கவிடும். அப்பஞ்சு சிறகுகளில் படிந்து, அதன்மேல் புழுதிக் காற்று மண்ணைப் பூசி, ஒரு மெத்தையே தைத்து வைத்திருந்தது. வர்ணம் அடிக்கும் தூரிகை ஒன்றால் அதை நீக்கினோம். பெட்டிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு வெள்ளைத் தகரம் ஒன்றைக் கட்டினோம். மறுநாள் அதே வேளையில் தட்டின் வெப்பம் 64 பாகை. கருவி அணையவில்லை.

இரண்டு தகடுகளை மாற்றியவர் அம்முதியவரே. 'நீங்கள் இதைப் பார்க்கவில்லையா?' என்று கேட்டேன். அவர் இந்தியில் சொன்ன விடையின் பொருள் இது: 'மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பார்க்கச் சொல்லவில்லையே, தம்பி.'

அந்த விடையில் அவர் குற்றம் ஏதும் இல்லை. நம் கல்வியின் குற்றமே இருக்கிறது. மாற்றுவது ஓர் ஆணை; பார்ப்பது ஓர் அறிவு. ஆணையை அவருக்குக் கொடுத்தோம். அறிவை நாமும் பெறவில்லை, அவருக்கும் கொடுக்கவில்லை.

போனது பிற்பகல் மட்டுமா?

ஒரு பெட்டி சில பிற்பகல்கள் தூங்கினால் உலகம் கெட்டுவிடுமா என்று நண்பர்கள் கேட்கலாம். கெடும் என்பேன். அது எந்தப் பிற்பகல்களில் தூங்குகிறது என்று பாருங்கள். கடுவெயில் நாட்களில் மட்டுமே தூங்குகிறது. குளிர்ந்த நாட்களில் விழித்திருக்கிறது. பிறகு மாத இறுதியில் எவரோ ஒருவர் இருக்கிற அளவுகளைக் கூட்டி, வகுத்து, சராசரி எடுக்கிறார். அந்தச் சராசரியில் கடுமையான நேரங்களே இல்லை! அளவுகள் ஏனோதானோ என்று விடுபட்டால் சராசரி ஓரளவு தப்பும். வெயிலுக்கு அஞ்சி விடுபட்டால் சராசரி பொய் சொல்லும். அப்பொய்யை எவரும் சொல்லவில்லை; ஆயினும் அது அச்சேறிவிடுகிறது. வெயிலில் உழைக்கும் மக்களுக்கு எந்நேரம் ஓய்வு தரவேண்டும் என்பதையும், பள்ளிகளை எப்போது மூடவேண்டும் என்பதையும் இத்தகைய அளவுகளைப் பார்த்தல்லவா முடிவு செய்ய வேண்டியிருக்கிறது?

2024 மே 29 அன்று தில்லியின் முங்கேசுப்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 பாகை என்று காட்டியது. நாடே திடுக்கிட்டது. பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறை சோதித்து, அங்கிருந்த உணரி 3 பாகை கூடுதலாகக் காட்டியது என்று அறிவித்தது. அது குளிர்ப்புப் பெட்டியின் பழுதன்று, வேறு வகை. ஆனால் அது புகட்டும் பாடம் நமக்கும் உரியது. எந்த நாளில் அளவு மிகவும் வேண்டப்படுகிறதோ, அந்த நாளில்தான் கருவியும் மிகவும் ஐயத்திற்கு இடமாகிறது. ஐயத்தைத் தீர்ப்பது மற்றோர் அளவீடே, ஊகம் அன்று.

ஆறு எண்கள்

ஆகவே பழுது என்று எவர் சொன்னாலும், திருப்புளியை எடுப்பதற்கு முன் ஆறு எண்களை எழுதுங்கள். நிழலில் வெளிக்காற்றின் வெப்பநிலை, சூட்டுப்புறத் தட்டின் வெப்பநிலை, குளிர்ப்புறத் தட்டின் வெப்பநிலை, பெட்டிக்குள் காற்றின் வெப்பநிலை, தகட்டின் முனைகளிலேயே அளந்த மின்னழுத்தம், மின்னோட்டம். இந்த ஆறும் கையில் இருந்தால் பழுது தானே வந்து தன் பெயரைச் சொல்லும்.

சூட்டுத்தட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே 20 பாகை இருக்கவேண்டிய இடத்தில் 40 இருந்தால், தூசியைப் பாருங்கள், மின்விசிறியைப் பாருங்கள், வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். தட்டு இளஞ்சூடாகவே இருந்தும் குளிர்ப்பு இல்லையென்றால், தட்டுக்கும் தகட்டுக்கும் இடையே வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். திருகாணிகள் ஒருபுறம் இறுகி மறுபுறம் தளர்ந்திருக்கலாம். குளிர்த்தட்டு நன்கு குளிர்ந்தும் பெட்டிக் காற்று சூடாக இருந்தால், உள்விசிறி நின்றிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் சூடு தணியாவிட்டால், சுமை மிகுதி. நேர்வெயில் படும் 40-க்கு 30 சென்டிமீட்டர் முகத்தில் உச்சிவேளையில் விழுவது ஏறத்தாழ 120 வாட்டு. 18 வாட்டுக்குக் கட்டிய ஏற்றம் அதை எங்ஙனம் இறைக்கும்? அங்கே நிழல் கொடுப்பதே முதல் மருந்து. உலகில் மிக மலிவான குளிரூட்டி நிழல்தான். நம் பாட்டன்மார் திண்ணைக்கு முன் பந்தல் போட்டது அறியாமையால் அன்று.

மின்னழுத்தம் குறைவாக இருந்தால் கம்பியை ஐயுறுங்கள். கீழறையில் 12 வோல்ட் இருக்கும். 20 மீட்டர் தொலைவுக்கு முக்கால் சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்து 4 ஆம்பியர் செலுத்தினால், போக வர 40 மீட்டர் செம்பில் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். மாடியில் இருப்பவன் பட்டினி கிடக்கிறான். கீழே இருப்பவன் 'பந்தி பரிமாறியாயிற்று' என்கிறான்!

தகட்டின் மேலேயே ஐயம் வந்தால், இரு முகங்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பின் மின்தடையை அளங்கள். தகடு தானே சிறு மின்னழுத்தத்தை ஆக்குமாதலால், முனைகளை மாற்றி இரு முறை அளந்து சராசரி எடுங்கள். இவ்வகைத் தகட்டில் ஏறத்தாழ 2 ஓம் இருக்கும். அது பெரிதும் ஏறியிருந்தால் உள்ளே பற்றவைப்பு விரிசல் விட்டிருக்கிறது. அப்போது தாராளமாக மாற்றுங்கள். விரிசல் வருவதற்கும் காரணம் உண்டு. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அணைந்து எரியும் வெப்பக்கட்டுப்பாடு தகட்டை விரியவும் சுருங்கவும் செய்து களைக்க வைக்கிறது. அணைந்த கணத்திலோ, 40 பாகை வேறுபாட்டில் 20 வாட்டுக்கு மேல் பின்னோக்கிப் பாய்கிறது. முற்றிலும் நிறுத்தாமல் மின்னோட்டத்தைக் குறைத்தும் கூட்டியும் நடத்துவதே நலம்.

இன்னொன்று. மே மாதப் பழுது வேறு. ஆவணிப் பழுது வேறு. மே மாதக் காற்று வறண்டது. மழைக்காலத்திலோ தில்லிக் காற்றின் பனிநிலை 25 பாகையைத் தாண்டும். நம் குளிர்முகமும் 25 பாகையில் இருக்கிறது. ஆகவே அங்கே நீர் கோக்கும். நீர் தகட்டின் ஓரங்களில் புகுந்தால் அரிப்பு தொடங்கும். ஓரத்தைச் சிலிக்கன் பசையால் அடைப்பதும், துளிகள் வெளியேற வழி வைப்பதும் கோடையிலேயே செய்யவேண்டிய வேலை. சென்னைக்கோ நாகைக்கோ பெட்டி செய்து அனுப்புகிறவர்கள் கோடையிலும் இதை மறத்தல் ஆகாது.

மறுப்பும் விடையும்

'இவ்வளவு தொல்லை எதற்கு? பெல்டியரே வேண்டாம், குளிர்பதனப் பெட்டியைப் போல் அமுக்கி வைத்துக்கொள்ளலாமே' என்பார் உண்டு. நேர்மையான கேள்வி. மேற்கண்ட கணக்கில் 40 வாட்டு தந்து 21 வாட்டு இறைத்தோம். அமுக்கி இயந்திரம் தான் உண்பதைவிட மிகுதியாகவே இறைக்கும். பெரிய அறைகளுக்கு அதுவே தக்கது. ஆனால் 18 வாட்டுக்காகக் கம்பத்தின்மேல் ஓர் அமுக்கியைத் தொங்கவிடுவது கொசுவுக்குப் பீரங்கி. பெல்டியர் தகட்டில் அசையும் உறுப்பு இல்லை, வாயு இல்லை, தலைகீழாகவும் வேலை செய்யும், மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மார்கழிக் குளிரில் கருவியைச் சூடாக்கவும் செய்யும். கருவி 50 பாகையைத் தாங்கும் என்றால் குளிர்ப்பே வேண்டாம். நிழலும், வடிகட்டி வைத்த மின்விசிறியும் போதும். எதை வைப்பது என்று சிந்திப்பதும் பழுதறிவின் பகுதியே.

நாம் செய்யக்கூடியது

நம் செய்முறைத் தேர்வுகளில் நன்றாக ஓடும் கருவியைக் கொடுத்து, முன்னமே தெரிந்த விடையை எடுக்கச் சொல்கிறார்கள். நான் கேட்பது இதுதான்: ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழுதான கருவியைக் கொடுங்கள். அது ஏன் ஓடவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். விடைக்கு அன்று, வந்த வழிக்கு மதிப்பெண் கொடுங்கள். சூத்திரத்தை அறிந்தவன் யார், பொருளை அறிந்தவன் யார் என்பது அன்று தெரிந்துவிடும்.

பாடத்திட்டம் மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நம் சங்கத்தில் இயற்பியலார் இருக்கிறோம்; வேதியியலார் இருக்கிறோம்; பொறியியல் பயில்வோரும் உண்டு. ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஓர் அட்டை ஒட்டுவோம். அதில் ஆறு எண்களுக்கு ஆறு கட்டங்கள், தேதிக்கு ஒன்று, செய்ததைக் குறிக்க ஒன்று. நலமாக ஓடும் நாளிலேயே முதல் வரியை நிரப்புவோம். நலத்தின் அளவு தெரியாதவனுக்கு நோயின் அளவு எப்படித் தெரியும்? ஏணியில் ஏறும் உதவியாளருக்கும் அந்த அட்டையைப் படிக்கவும் நிரப்பவும் காட்டிக் கொடுப்போம். இந்தியிலும் எழுதி ஒட்டுவோம். அவர் கண்ணும் நம் கணக்கும் சேர்ந்தால் பழுது நிற்காது.

பங்குனி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் இலவங்காய்கள் வெடிக்கும். பஞ்சு பறக்கும் முன்னே, ஒரு தூரிகையும் ஒரு வெப்பமானியும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வாருங்கள், நண்பர்களே!